பி.எட். சேரும் முன் முழுக் கணக்கையும் போடுங்கள்

கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்த ஒரு வாரத்தில் நம் காலனி முனைகளில் நோட்டீஸ் ஒட்டப்பட்டுவிடும். 'பி.எட். சேர்க்கை நடைபெறுகிறது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. வேன் வசதி உண்டு.' கீழே இரண்டு செல்பேசி எண்கள். அந்த எண்ணில் பேசுகிறவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர் அல்ல. பக்கத்து ஊரில் போன வருடம் படித்து முடித்த நம் பையனாகவே இருப்பான். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவனுக்கு ஒரு தொகை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. படித்த படிப்புக்கு வேலை கிடைத்திருந்தால் அவன் ஏன் நோட்டீஸ் ஒட்டப் போகிறான்?

'கட்டணம் இல்லை' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. சிக்கல் மற்றப் பாதியில்தான்.

விழுப்புரம், கடலூர் பக்கம் நம் மக்கள் ஆசிரியர் வேலை மீது வைத்திருக்கும் ஆசைக்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த இரு மாவட்டங்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் பட்டியலினத்தவர். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகிற வீட்டில் பிறந்த பிள்ளை, நேரில் பார்த்த படித்த மனிதர் என்றால் அது பள்ளிக்கூட வாத்தியார்தான். வக்கீலையும் பொறியாளரையும் அது பார்த்திருக்காது. பெண்பிள்ளை என்றால் வீட்டார் வேறு படிப்புக்குத் தயங்குவார்கள், டீச்சர் வேலை என்றால் தலையாட்டுவார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ கணிதமோ முடித்தால் அடுத்தது பி.எட். என்பது நம் தெருவில் பேசி முடித்த விஷயம். இதைத் தனியார் கல்லூரிகள் நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கின்றன.

ஆகவே எந்தப் படிப்பு மலிவு என்ற கேள்வியைச் சேர்க்கை நாளன்று கட்டும் தொகையை வைத்துக் கேட்காதீர்கள். சேர்ந்த நாள் முதல் கையில் சான்றிதழ் வாங்கித் தேர்வு எழுதப் போகும் நாள் வரை என்ன செலவு, அந்தச் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

முதலில் அரசு இடங்கள். தமிழ்நாட்டில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் ஏழு. சென்னையில் சைதாப்பேட்டையும் லேடி வெலிங்டனும், அப்புறம் வேலூர், குமாரபாளையம், கோவை, ஒரத்தநாடு, புதுக்கோட்டை. இவற்றில் வெலிங்டனும் கோவையும் பெண்களுக்கானவை. இவற்றோடு அரசு உதவிபெறும் கல்லூரிகள் 14. எல்லாம் சேர்த்து 2,040 இடங்கள். பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து இணையவழியில் விண்ணப்பம் வாங்கி, கலந்தாய்வு நடத்தி இடம் தருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு 40 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் போதும், விண்ணப்பக் கட்டணமும் பாதிதான். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மலிவு என்ற சொல்லுக்கு நிஜமாகப் பொருந்துவது இது ஒன்றுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,040-இல் 18 விழுக்காடு என்றால், மாநிலம் முழுதும் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 370 இடம்கூடத் தேறாது. அருந்ததியருக்கான 3 விழுக்காடும் இதில் அடக்கம். பொதுப்போட்டியில் நம்மவர்கள் பிடிக்கும் இடங்கள் தனி. மாநில மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியலினத்தவர். அவர்களின் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீட்டில் கிடைப்பது இவ்வளவுதான்.

இடங்கள் குறைவு என்பது ஒரு பக்கம். அவை இருக்கும் ஊர்களைப் பாருங்கள். சென்னையை விட்டுக் கிளம்பிக் கடலோரமாக நாகப்பட்டினம் வரை வந்தாலும் வழியில் ஓர் அரசுக் கல்வியியல் கல்லூரி கிடையாது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், அரியலூர், பெரம்பலூர், திருவாரூர் எதிலும் இல்லை. மாநிலத்திலேயே பட்டியலின மக்கள் அதிக விகிதத்தில் வாழும் மாவட்டங்கள் பலவும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை இருக்கிறது, அது ஓர் ஆறுதல். மற்றபடி சங்கராபுரத்துப் பெண்ணுக்கு வேலூரில் இடம் கிடைத்தால் அவள் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். விடுதி இடம் உறுதியாகும் வரை வீட்டார் அனுப்ப மாட்டார்கள். அதற்குள் வாசலில் தனியார் கல்லூரி வேன் வந்து நிற்கிறது.

அந்த வேனில் ஏறும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அரசுக் கலந்தாய்வு பட்டப்படிப்பு முடிவுகளுக்குப் பிறகே தொடங்கும். தரகர் அதற்கு முன்பே வந்து, 'ஒரிஜினலைக் கொடுத்து இடத்தைப் பிடித்துவையுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பார். கொடுத்தால் முடிந்தது. கலந்தாய்வுக்கு அழைப்பு வரும்போது கையில் அசல் சான்றிதழ் இருக்காது. திரும்பக் கேட்டால் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்பார்கள். மாணவரின் அசல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் அவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார்கள்.

இனி 'கட்டணம் இல்லை' என்பதற்கு வருவோம். அவர்கள் சொல்வது போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையை. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அது உரிமை. ஆதிதிராவிடக் கிறித்தவர்களுக்கு மத்திய அரசின் பங்கு இல்லை, மாநில அரசு தன் பணத்தில் தருகிறது. (இடஒதுக்கீட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருப்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுத வேண்டியது.) சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் அரசுக் குழு நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-இல் வந்த அரசாணை 92 நம் பிள்ளைகள் பல்லாயிரம் பேரைப் பட்டதாரியாக்கியது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் இதற்குள் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் உதவித்தொகை கேள்விக்குறிதான். சேரும் இடம் எந்த ஒதுக்கீடு என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் நம் பிள்ளைகள் சேர்ந்துவிடுகிறார்கள், அடுத்த வருடம் அலுவலகத்தில் விண்ணப்பம் திரும்பும்போதுதான் தெரிகிறது. அடுத்தது, வேன், சீருடை, ரெக்கார்டு நோட்டு, சார்ட், சுற்றுலா, தேர்வுக் கட்டணம் என்று கல்லூரி தனியாக வாங்கும் தொகைகள். இவற்றில் பெரும்பகுதியை எந்த உதவித்தொகையும் திருப்பித் தராது. இரண்டு வருடத்தில் இவை மட்டுமே அரசுக் கல்லூரியின் மொத்தக் கட்டணத்தைத் தாண்டிப் போகும்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. 2020-21 முதல் இந்த உதவித்தொகையில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு பிரித்து, மத்தியப் பங்கை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் முறை வந்தது. இடைத்தரகர் ஒழியட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் பணம் வருவது படிப்பு நடக்கும் காலத்தில் அல்ல, பலருக்கு ஆண்டு முடிந்த பிறகு. கல்லூரியோ இப்போதே கேட்கிறது. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்கவைத்துக் கேட்கிறது. வீட்டில் தோட்டை அடகு வைத்துக் கட்டிவிடுகிறார்கள். பிறகு பணம் கணக்கில் விழும்போது அது வட்டிக்குப் போகிறது. கட்ட முடியாதவர்களின் பணமோ, விழுந்த மாதத்தில் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் கரைந்துவிடும், கல்லூரிக்கு அவர்கள் கடனாளி. படித்து முடித்தும் சான்றிதழ் கைக்கு வராமல் ஜவுளிக்கடையில் நிற்கிற பட்டதாரிகள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிச் சொல்லலாம்.

இதற்கு மருந்தும் அதே வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. ஃப்ரீஷிப் கார்டு என்று பெயர். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவர் முன்பணம் எதுவும் கட்டாமல் கல்லூரியிலும் விடுதியிலும் சேர அரசு தரும் அட்டை. உதவித்தொகை கணக்கில் விழுந்ததும் கட்டிவிடுவதாக மாணவர் உறுதி தர வேண்டும், அவ்வளவுதான். நம் மாவட்டத்தில் இந்த அட்டையைக் கையில் பார்த்தவர்கள் யார்? நோட்டீஸ் ஒட்டுகிறவருக்கும் தெரியாது, பல கல்லூரி அலுவலகங்களுக்கும் தெரியாது. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் மே மாதத்திலேயே தயாராக வைத்துக்கொண்டு ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இந்த அட்டையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு பேசியும், அடிப்படையே தப்பாகப் போன சிலரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பி.காம். முடித்துவிட்டு பி.எட். கேட்டு வருகிறார்கள். வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களுக்கு முதுகலை முடித்தால்தான் பி.எட். சேர முடியும். பி.பி.ஏ. படித்தவருக்கு அந்தப் பாடம் பள்ளியிலேயே கிடையாது. அதேபோல் கல்லூரிகள் புதுப் பெயர் வைத்து நடத்தும் பட்டங்கள் பல. அவை வேதியியலுக்கோ ஆங்கிலத்துக்கோ இணையானவை என்று அரசாணை இருந்தால்தான் ஆசிரியர் தேர்வு வாரியம் ஏற்கும். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்களுக்கும் கதவு மூடியே இருக்கிறது. ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை இருந்தால் பி.எட். சேரும்போது அல்ல, பிளஸ் டூ முடித்துப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். பிளஸ் டூ ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னால் எத்தனையோ பேருக்கு மூன்று வருடம் மிஞ்சும்.

பிளஸ் டூவுக்குப் பின் நேராகச் சேரும் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை இன்று யாரும் சீந்துவதில்லை. 2000-களில் இதற்காக நிலத்தை விற்றவர்கள் உண்டு. தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு எப்படியும் கரைசேர்க்கும் என்று நம்பிக் காத்திருந்தார்கள். 2012-இல் தகுதித் தேர்வு வந்தது. முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி 2,500 பேர்கூடத் தேறவில்லை. அந்தத் தலைமுறையின் கசப்பு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதனால் பட்டயப் படிப்பு என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

ஆனாலும் இந்தப் படிப்பின் மதிப்பு இப்போது ஒரு விதத்தில் கூடியிருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதியாகாது, தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மயிலத்திலும் வடலூரிலும் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் நமக்குப் பக்கம், கட்டணமும் சொற்பம். இந்த ஆண்டு சேர்க்கை எந்தெந்த நிறுவனத்தில் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பயனும் உண்டு. இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் தொலைநிலையில் பி.எட். படிக்க, ஏற்கெனவே நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அல்லது பயிற்சி பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியில் இருக்க வேண்டும். பட்டயம் முடித்தவர் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் பி.எட்.டும் வாங்கிவிடலாம். ஆண்டுகள் அதிகம் பிடிக்கும், ஆனால் வீட்டுக்கு மாதம் ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கும். இந்தப் பட்டயம் இல்லாதவரிடம் 'வீட்டிலிருந்தே பி.எட்.' என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்கு நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு ஒன்று இருப்பது நம் பக்கம் அதிகம் தெரியவில்லை. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்து நான்கே ஆண்டு, ஓராண்டு மிச்சம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு. எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5 விழுக்காடு இடம். நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளைக் குறிவைப்பவர்களுக்கு இது நல்ல வழி.

ஆனால் இங்கும் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2010-இல் வந்த சட்டம் அது. 2020 திருத்தத்துக்குப் பின் ஒன்றாம் வகுப்பு முதல் கல்வித் தகுதியின் கடைசிப் படி வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஊர்த் தொடக்கப்பள்ளியில் தொடங்கி அரசுக் கலைக் கல்லூரி வரை தமிழிலேயே படித்த நம் பிள்ளையின் கையில் இருக்கும் பெரிய சொத்து இது. பி.எட்.டை ஆங்கில வழியில் சேர்ந்தால் அந்தச் சொத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறாள். கௌரவத்துக்காக ஆங்கில வழி கேட்கிறவர்கள் பலர். தயவுசெய்து வேண்டாம்.

வெளிமாநில பி.எட். என்று ஒன்று நடக்கிறது. தேர்வுக்கு மட்டும் ரயிலேறிப் போய் வந்தால் போதுமாம். தமிழ்வழி ஒதுக்கீடு போகும், சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி வரும், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதும் சந்தேகம். இவற்றைவிட எனக்கு உறுத்துவது வேறு. பி.எட்.டில் 20 வாரம் பள்ளியில் போய்க் கற்பிக்க வேண்டும் என்பது விதி. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த 20 வாரம்தான் படிப்பு. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று குரல் நடுங்கி, பிறகு நடுக்கம் போய், கரும்பலகையில் நேராக எழுதப் பழகுவது அங்கேதான். தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 மதிப்பெண் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும். வகுப்பையே பார்க்காதவர் அதை எப்படி எழுதுவார்? வருகைப் பதிவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்கச் சொல்லும் உள்ளூர்க் கல்லூரிகளும் இதே தவறைத்தான் செய்கின்றன. வகுப்பு நடத்தாமலே அவர்களுக்கு உதவித்தொகை போய்ச் சேருகிறது என்பது இன்னும் கொடுமை.

படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களிடம் பொய் சொல்லக் கூடாது. தகுதித் தேர்வு முடித்தவர்கள் பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-இல் அரசாணை 149 வந்தது. 2024-இல் இடைநிலை ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு தேர்வு நடந்தபோது முதலில் அறிவித்த இடங்கள் 1,768. கூட்டம் பெரிது, இடம் சிறிது. முதுகலையும் பி.எட்.டும் முடித்தவர்கள் தகுதித் தேர்வு இல்லாமலே முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதலாம் என்பதால், வாய்ப்பிருந்தால் முதுகலையையும் முடித்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

இவ்வளவு சிரமத்துக்கு இந்த வேலை தேவையா? தேவை. நாங்குநேரியில் 2023-இல் பட்டியலின மாணவனை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நம் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த பள்ளிகளின் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அப்படிப்பட்ட ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மட்டுமே மாநிலத்தில் ஆயிரத்து நூறுக்கும் மேல். அந்தக் கரும்பலகைகளுக்கும் ஆள் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. விழுப்புரத்துக்கும் திருவாரூருக்கும் இடையில் ஓர் அரசுக் கல்வியியல் கல்லூரி வேண்டும், பெண்கள் விடுதியோடு. புதுக் கட்டடம் எழும்பும் வரை மாவட்ட நிறுவனங்களில் காலியாகக் கிடக்கும் வகுப்பறைகளில் தொடங்கலாம். அதுவரை, திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் ஒரு மனு கொடுங்கள். மாணவர் சங்கங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். கேட்க வேண்டியவை இரண்டே: இந்த மாவட்டத்தில் பி.எட். சேர்ந்த ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களில் எத்தனை பேருக்குச் சென்ற ஆண்டு ஃப்ரீஷிப் கார்டு வழங்கப்பட்டது? உதவித்தொகை எந்தத் தேதியில் அவர்கள் கணக்கில் விழுந்தது?